மழையில் அழுகும் எலுமிச்சை, கோடையில் அழ வைக்கும் எலுமிச்சை



2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை எலுமிச்சை வியாபாரம் பார்த்த எவரும் மறந்திருக்க முடியாது. டெல்லியில் கிலோ 300 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. ஒரு பழம் 10 ரூபாய், 15 ரூபாய் என்று பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது. உத்தரப்பிரதேசம் ஷாஜஹான்பூரில் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் பூட்டை உடைத்து 60 கிலோ எலுமிச்சையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவரை நகைக்கடைக்காரர்கள்தான் இரவில் தூக்கம் கெட்டுப் படுத்திருப்பார்கள். அந்த மாதம் காய்கனி மண்டிக்காரர்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

விலை ஏன் ஏறியது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. 2021-இல் மழை அளவு கடந்து பெய்து பூ பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. பிடித்த பிஞ்சும் பிப்ரவரிக் கடைசியிலிருந்தே வெயில் தகித்ததில் உதிர்ந்துவிட்டது. அந்த மார்ச் மாதம் இந்தியாவில் 1901 முதல் கணக்கெடுத்ததில் மிக வெப்பமான மார்ச் என்று வானிலைத் துறையே அறிவித்தது. டீசல் விலையும் சேர்ந்துகொண்டது. வரத்து பாதியாகி, தேவை இரட்டிப்பானால் விலை எங்கே போய் நிற்கும் என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த மாதத்தில் நாம் கண்ட ஒரு காட்சியைத்தான் இங்கே சொல்ல வந்தோம். நம் மண்டியில் இருபது ஆண்டுகளாகத் தினம் நூறு பழம் எடுக்கும் சர்பத் வண்டிக்காரர் ஒருவர் உண்டு. பேரம் பேசமாட்டார், கடன் வைக்கமாட்டார். அவர் திடீரென்று நான்கு நாள் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்து, பாங்கிக்குப் போகும் வழியில் அவர் வண்டி நிற்கும் இடத்தில் எட்டிப் பார்த்தோம். வியாபாரம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. வண்டியின் முன்பக்கம் அழகுக்கு நாலு பழம். உள்ளே ஒரு கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் எஸன்ஸ் பாட்டில்.

நம்மைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "என்ன முதலாளி செய்யறது? பழத்தைப் பிழிஞ்சா கிளாஸ் இருபத்தஞ்சு ரூபாய்க்கு விக்கணும். இந்தத் தெருவுல யாரு குடிப்பா?" என்றார். நாம் என்ன பதில் சொல்ல முடியும்? அவருக்குப் பழத்தை அந்த விலைக்குப் போட்டவர்களே நாம்தானே. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டைப் புரட்டினால் இன்னொரு செய்தி கண்ணில் குத்தியது. அதே சர்பத் வண்டிக்காரருக்குக் கொடுக்கப் பழமில்லாமல் போன ஏப்ரலுக்கு ஐந்து மாதம் முன்னால், ஐப்பசி அடைமழையில், விற்காமல் கனிந்து நீர்விட்ட இரண்டு மூட்டை எலுமிச்சையை நாமே குப்பை வண்டியில் ஏற்றியிருக்கிறோம். நோட்டில் "கழிவு" என்று ஒரே சொல்லில் எழுதி முடித்திருக்கிறோம். மண்டி வைத்திருக்கும் அனைவரின் நோட்டிலும் மழைக்கால மாதங்களில் இந்தச் சொல் இருக்கும்.

இந்த இரண்டு மூட்டையின் சாறு கோடை வரை இருந்திருந்தால்? இதுதான் நம் கேள்வி. இதற்கு விடை நம் வீட்டுச் சமையலறையிலேயே இருந்தது என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். நம் மருமகள், மழைக்காலத்தில் நாம் மண்டியிலிருந்து பை நிறையக் கொண்டுவந்து போடும் பழங்களைப் பிழிந்து, பிரிட்ஜில் ஐஸ் கட்டி பிடிக்கும் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டி கட்டியாக ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார். "எலுமிச்சை மண்டிக்காரன் வீட்டில் எலுமிச்சையைச் சேமித்து வைப்பதா?" என்று நாம் கேலி செய்தது உண்டு. அந்த ஏப்ரலில் ஊரே பழத்துக்குப் பறந்தபோது, நம் வீட்டில் தினமும் மத்தியானம் நன்னாரி சர்பத் தட்டுப்பாடில்லாமல் நடந்தது. ஆளுக்கு ஒரு கட்டி. கேலி செய்தவரும் இரண்டு கிளாஸ் குடித்தார்.

நம் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் பூமி. தண்ணீர் நிற்கும் மண். எலுமிச்சை வேருக்குத் தேங்கிய தண்ணீர் ஆகாது. கொல்லைப்புறத்தில் ஒன்றிரண்டு மரம் இருக்குமே தவிர, தோப்பு என்று சொல்ல முடியாது. ஆகவே நமக்கு வரும் பழம் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. தென்காசி மாவட்டம் புளியங்குடியை எலுமிச்சை நகரம் என்றே அழைப்பார்கள். அந்த ஊர்ப் பழத்துக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வரத்துக் குறைந்தால் ஆந்திராவில் நெல்லூர்ப் பக்கம் கூடூர் சந்தையைப் பார்க்க வேண்டும். அங்கே மழை பெய்தால் இங்கே விலை ஏறும். அங்கே லாரி நின்றால் இங்கே கல்யாணப் பந்தியில் ஊறுகாய் நிற்கும். விளைவிக்காத ஊர்க்காரன்தான் வாங்கியதைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். நாமோ தலைகீழாக நடக்கிறோம்.

இத்தனைக்கும் நம் ஊர்ப் பெண்மணிகள் இதில் கைதேர்ந்தவர்கள். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்து, ஜாடியில் போட்டால் ஆண்டுக் கணக்கில் கிடக்கும். தயிர்சாதத்துக்கு அதற்கு ஈடு உண்டா? அந்தக் காலத்தில் உப்பும் வெயிலும்தான் கையிலிருந்தன. இன்று குளிர்பதனப் பெட்டியும் இருக்கிறது. வேலை ஒன்றுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். நாம் 2022 மழைக்காலத்தில் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை, மேலே மூடி திறக்கும் மாதிரி, விலைக்கு வாங்கி மண்டியின் பின்கட்டில் வைத்துத் தொடங்கினோம். முதல் ஆண்டு பட்ட அடியைச் சொன்னால் மற்றவர்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகும்.

முதல் தப்பு, கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி வைத்தது. தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக உப்பும். மறுநாள் காலை திறந்தால் பன்னிரண்டு பாட்டிலில் ஒன்பது வெடித்துக் கிடந்தன. சாறு போனது ஒரு பக்கம். கண்ணாடித் தூள் கலந்த பெட்டியைச் சுத்தம் செய்தது மறுபக்கம். உணவுக்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பா அல்லது எவர்சில்வர்தான் சரி. அதிலும் மேலே இரண்டு விரற்கடை இடம் விட வேண்டும்.

இரண்டாவது தப்பு பெரியது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பழத்தைத் தோலோடு நசுக்கும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டினோம். சாறு ஏராளமாக வந்தது. வடிகட்டாமல் அண்டாவில் இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் டப்பாவில் அடைத்தோம். பிழிந்தவுடன் ருசி பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்தால் வேப்பங்கொழுந்து தோற்றது! மொத்தமும் சாக்கடைக்குப் போயிற்று. விசாரித்ததில் விளங்கியது: எலுமிச்சையின் கொட்டையிலும் தோலின் உட்புற வெள்ளைச் சதையிலும் ஒரு சத்து இருக்கிறது. அது முதலில் கசக்காது. புளிப்புச் சாற்றில் கலந்து நேரம் ஆக ஆக, லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஆகவேதான் ஊற வைத்த சாறு கசக்கிறது. அப்போதே பிழிந்த சாறு கசப்பதில்லை. பழத்தைக் குறுக்காக அரிந்து, தோலை நசுக்காமல் அளவாகப் பிழிந்து, கொட்டையை அப்போதைக்கப்போதே வடிகட்டி, ஒரு மணி நேரத்துக்குள் உறைய விட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடைசிச் சொட்டு வரை பிழிவேன் என்று பிடிவாதம் பிடித்தால் இருக்கிற சாறும் கெடும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியம், செம்பு, ஈயம் பூசாத பித்தளை எதிலும் எலுமிச்சைச் சாறு படக்கூடாது. இதை நம் பாட்டிமார் சொன்னார்கள்; கேட்காமல் போனவர்கள் வெள்ளைக்காரர்கள். கப்பல் மாலுமிகளின் பல்லீறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை இனப் பழம் மருந்தாவதை 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் சோதித்துக் காட்டினார். பிறகு ஆங்கிலேயக் கடற்படையில் சாறு குடிப்பது சட்டமாயிற்று. ஆனால் பின்னாளில் மேற்கிந்தியத் தீவுகளின் எலுமிச்சைச் சாற்றை வாங்கி, செம்புக் குழாய்களில் ஓட்டி, காற்றும் வெளிச்சமும் பட வைத்திருந்து கொடுத்தார்கள். பெயர் அதேதான், சத்து போய்விட்டது. 1875-இல் நேர்ஸ் என்ற தளபதியின் தலைமையில் வட துருவப் பயணம் போனவர்கள் கையில் சாறு வைத்துக்கொண்டே ஸ்கர்வியில் படுத்தார்கள். சரக்கின் பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் கதி அது. உறைய வைப்பதில் அந்தப் பயம் குறைவு. சூடு காட்டினாலும் காற்றுப் பட்டாலும்தான் வைட்டமின் சி பெருமளவு அழியும். நல்ல குளிரில், அதாவது சைபருக்குக் கீழே 18 டிகிரியில், காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மூன்று நான்கு மாதம் புளிப்பும் சத்தும் பெரிதாகக் குறைவதில்லை.

குறைவது எது தெரியுமா? வாசனை. அதை மறைத்துப் பேச நாம் தயாரில்லை. எலுமிச்சையின் மணம் பாதிக்கு மேல் தோலின் எண்ணெயில் இருக்கிறது. பழத்தை நகத்தால் கீறினால் கிளம்புகிறதே, அது பெட்டிக்குள் போகாது. உறைந்த கட்டியைக் கரைத்துக் குடித்தால் புளிப்பு சரியாக இருக்கும். ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று நாக்கு சொல்லும். இதற்கு அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஆரஞ்சுக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். ஆரஞ்சுச் சாற்றைச் சுண்ட வைத்து உறையப் போட்டால் மணமில்லாமல் மருந்து மாதிரி இருந்தது. 1940-களில் அங்குள்ள மூன்று விஞ்ஞானிகள், சுண்டிய சாற்றில் கொஞ்சம் புதுச் சாற்றைக் கலந்து பிறகு உறைய வைத்தார்கள். போன வாசனை திரும்பி வந்தது. 1948-இல் அதற்கு உரிமைப் பட்டயம் வாங்கி அரசுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு யுக்தியில் புளோரிடாவின் ஆரஞ்சு வியாபாரமே மாறிப் போனது. நாம் செய்வதும் அதன் நாட்டு வழிதான். பத்து கட்டிக்கு ஒரு புதுப் பழம் பிழிந்து, அதன் தோலில் ஒரு சீவலை ஜாடியில் போட்டுவிட்டால், பந்தியில் உட்கார்ந்தவர் யாரும் குறை சொன்னதில்லை.

கட்டி பிடிப்பதில் வசதி என்னவென்றால் அளவு. ஐஸ் தட்டில் ஒரு குழி ஏறக்குறைய 15 மில்லி பிடிக்கும். நடுத்தரமான ஒரு பழத்தின் சாறும் அவ்வளவுதான். ஆகவே ஒரு கட்டி ஒரு பழம். எந்தச் சமையல்காரரும் கணக்குத் தப்பமாட்டார். தட்டில் கட்டியானதும் டப்பாவுக்கு மாற்றி, தேதி எழுதி ஒட்ட வேண்டும். தேதி எழுதாத டப்பாவைக் கடனுக்கும் கொடுக்காதீர்கள். ஒரு முறை கரைந்ததை மறுபடி உறைய வைப்பதும் கூடாது. இன்னொன்று, உறைய வைப்பதால் கிருமி சாகாது; தூங்கும், அவ்வளவுதான். அழுகல் பழத்தைப் பிழிந்து வைத்தால் கோடையில் அழுகல் சாறுதான் எழுந்து வரும். கழிவுக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றுவது என்றால், கழிவாவதற்கு முந்தின நாள் காப்பாற்றுவது என்று பொருள்.

இனிக் கணக்கு. மழைக்காலத்தில் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சாறுக்கு இரண்டே முக்கால் கிலோ பழம் தேவை; 110 ரூபாய். பிழியும் கூலி 20. நூறு லிட்டர் வைத்திருக்கும் பெட்டி நாளைக்கு 2 யூனிட் இழுத்தால், 150 நாளைக்கு 300 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் லிட்டருக்கு 30 விழும். டப்பாத் தேய்மானம் 5. ஆக 165 ரூபாய். கோடையில் கிலோ 150 விற்கும்போது பழம் வாங்கிப் பிழிந்தால் கூலியுடன் லிட்டர் 430-க்கு மேல். ஒரு லிட்டரில் 66 கிளாஸ். கிளாஸுக்கு இரண்டரை ரூபாய் ஒரு பக்கம், ஆறரை ரூபாய் மறுபக்கம். பெட்டி வாங்கிய முதலுக்கு வட்டியைத் தனியே போட்டுக்கொள்ளுங்கள், அப்போதும் கட்டுபடியாகும். கோடையிலும் பழம் மலிவாக வந்துவிட்ட ஆண்டில் கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பெரிய லாபம் எதிர்பார்த்து முப்பது பெட்டி வாங்கிப் போடுகிற வேலை இதுவல்ல.

இதை நம் வட்டாரக் கூட்டத்தில் சொன்னபோது, நம் வயதுள்ள மண்டி நண்பர் ஒருவர் சீறினார். "கோடையில ரெண்டு காசு பார்க்கிறதே அந்த ரெண்டு மாசந்தான். நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து நம்ம பிழைப்புல மண்ணைப் போடுறீங்களே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022-இல் நமக்கும் லாபம் வந்தது. மறைப்பானேன்? ஆனால் அந்த லாபத்தில் நாம் இழந்த வாடிக்கைகளைக் கூட்டிப் பார்த்தோம். சர்பத் வண்டிக்காரர் எலுமிச்சை உப்புக்குப் போய்விட்டார். விலை இறங்கிய பிறகும் அவரில் பாதிதான் திரும்பி வந்தார். அதாவது நூறு பழம் எடுத்தவர் ஐம்பதோடு நின்றுகொண்டார். உப்பில் வேலை சுலபம், கொட்டை எடுக்க வேண்டாம், அழுகல் இல்லை என்று ருசி கண்டுவிட்டார். ஓட்டல்காரர்கள் இருவர் எலுமிச்சை சாதத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒரு மாத லாபத்துக்கு இருபது ஆண்டு வாடிக்கையை விலையாகக் கொடுத்திருக்கிறோம். நம் பிழைப்பில் மண் போட்டது பிரிட்ஜா, விலையா?

மேலும், டெல்டாவில் எலுமிச்சை வியாபாரம் சாற்றை நம்பி மட்டும் நடக்கவில்லை. சமயபுரத்திலும் புன்னைநல்லூரிலும் மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்துகிறார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிச் சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு பழம் வேண்டும். கல்யாணத்தில் பெரியவர்களை வரவேற்கக் கையில் ஒரு பழம் வேண்டும். எந்த மாரியம்மனும் ஐஸ் கட்டி மாலை கேட்கப் போவதில்லை. முழுப் பழத்தின் தேவை எந்நாளும் நம்மிடம்தான்.

இந்த இடத்தில் நெடுநாளாக நம் மனதை அரிக்கும் ஒன்றையும் சொல்லிவிடலாம். பட்டீஸ்வரம் துர்க்கையம்மனுக்கு ராகு காலத்தில் எலுமிச்சை மூடியைப் புரட்டி நெய் விளக்கு ஏற்றுவது நம் பகுதியில் பெரிய பிரார்த்தனை. செவ்வாய், வெள்ளிகளில் துர்க்கை சந்நிதி உள்ள ஊர்களில் எல்லாம் எத்தனை பழம் அரியப்படுகிறது என்று நமக்குத் தெரியும், போடுகிறவர்கள் நாம்தானே. விளக்குக்குத் தேவை மூடி மட்டும். சாறு தரையில் போகிறது. பக்தர் தம் கையால் பிழிந்து ஊற்றுவதில் நாம் தலையிட முடியாது, கூடவும் கூடாது. ஆனால் கோயில் வாசல் கடைகளில் விளக்கைத் தயார் செய்து விற்கிறார்களே, அவர்கள் காலையில் கடையிலேயே அரிந்து பிழியும் சாறு என்ன ஆகிறது? கழுவிய பழம், கழுவிய கை, மூடிய பாத்திரம் என்று இருந்தால் அது நல்ல சரக்கு. அம்மனுக்கு உரியதை விற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். விளக்காகும் முன் அது வெறும் பழம்தான் என்பது நம் எண்ணம். மனம் ஒப்பாதவர்கள் அன்னதானத்துக்கு எலுமிச்சை சாதமாகக் கொடுக்கட்டும். சாக்கடைக்குப் போவதைவிட அது மேல்.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். 2012-இல் நம் ஊர்களில் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அது போயிற்று. ஆனால் 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலை யார் மறப்பார்கள்? பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னையோடு மின்கம்பமும் சாய்ந்து, வாரக் கணக்கில் இருட்டு. பெட்டிகளில் இருந்ததெல்லாம் போயிற்று. நிறைந்த பெட்டியைத் திறக்காமல் வைத்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும். அதற்கு மேல் கடவுள் விட்ட வழி. நாம் உறைய வைக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் புயல் மாதமும். ஆகவே எல்லாச் சாற்றையும் பெட்டிக்குள் போடாதீர்கள். ஒரு பங்கை ஊறுகாயாக்கலாம். ஒரு பங்கைச் சர்க்கரைப் பாகு காய்ச்சி, பாகு நன்றாக ஆறிய பிறகு கலந்து ஸ்குவாஷாக வைக்கலாம். சர்க்கரை சேர்த்தால் எலுமிச்சை கெடாது என்பதைக் கப்பல்காரர்களுக்கு ரம் இல்லாமல் சாறு விற்ற ரோஸ் என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1867-லேயே உரிமைப் பட்டயம் வாங்கிக் காசாக்கினார். அந்தப் பாகுதான் மேல்நாட்டு மதுக்கூடங்களில் இன்றும் ஜின்னோடு சேர்கிறது என்கிறார்கள். நமக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. ஆனால் சிங்கப்பூரில் ஓட்டல் வேலை பார்க்கும் நம் மைத்துனர் மகன், அங்கே கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றை உறைய வைத்தே கடைகளில் விற்கிறார்கள், பார்க்காரர்களும் வீட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள் என்று சொன்னார். அவர்களுக்குக் காக்டெயில், நமக்குப் பானகம். கட்டி ஒன்றுதான்.

ஐஸைப் பற்றி ஒரு சங்கதி. தெருவோரக் குளிர்பானத்தில் விழும் பார் ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மீனுக்குப் போடும் ஐஸும் மனிதன் குடிக்கும் ஐஸும் கலந்துவிடக் கூடாது என்றுதான் 2018-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உண்ணத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எலுமிச்சைக் கட்டி ஒன்றைப் போட்டால் புளிப்பும் வந்தது, குளிர்ச்சியும் வந்தது. பார் ஐஸ் பாதி மிச்சம்.

விற்பவர்களுக்குச் சட்டம் உண்டு. வீட்டுக்கும் சொந்த ஓட்டலுக்கும் செய்வது வேறு. டப்பாவில் அடைத்துப் பெயர் போட்டு விற்பது வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். பழமாக விற்கும்போது ஜி.எஸ்.டி. இல்லை; சாறாக்கினால் உண்டு. 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலாகவே செய்ய நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு வெளியூர் அலைச்சலும் இல்லை. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் என்று நாம் அறிந்திருந்த புதுக்கோட்டைச் சாலை நிறுவனம், இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. பயிற்சி தருகிறார்கள், தொழில் தொடங்குகிறவர்களுக்கு வழியும் காட்டுகிறார்கள். அந்த வாசலைத் தாண்டித் தினமும் லோடு கொண்டுபோகிறோம்; உள்ளே போனவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சங்கத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. ஆளுக்கொரு பெட்டி வாங்குவது சிறு கடைக்காரருக்குக் கட்டாது. சங்கச் செலவில் அங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய உறைபதன அறையும், ஜெனரேட்டரும், சுத்தமாகப் பிழிய ஒரு கூடமும் அமைத்தால், டப்பாவுக்கு இவ்வளவு வாடகை என்று வசூலிக்கலாம். சர்பத் வண்டி, ஜூஸ் கடை, சமையல் கான்டிராக்டர் யார் வேண்டுமானாலும் மழைக்காலத்தில் தன் பெயரில் வைத்துவிட்டுக் கோடையில் எடுத்துக்கொள்ளட்டும். விற்பவர் கடையில் "உறைய வைத்த எலுமிச்சைச் சாறு" என்று பலகையில் எழுதியே விற்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். புதுப்பழம் என்று சொல்லிப் பழைய கட்டியை ஊற்றினால், எலுமிச்சை உப்புக் கரைப்பவருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும்.

சென்ற ஆண்டு நாம் அந்தச் சர்பத் வண்டிக்காரரைக் கூப்பிட்டு, மழைக்காலத்து விலைக்கே ஐந்து லிட்டர் வைத்துக்கொடுத்தோம். பங்குனியிலிருந்து தினம் ஒரு டப்பாவும் முப்பது புதுப்பழமும் எடுத்துப் போனார். கிண்ணம் இன்னும் வண்டியில் இருக்கிறது. அதில் இப்போது சப்ஜா விதை ஊறுகிறது.

அடுத்த பொதுக்குழுவுக்கு நாம் இரண்டு ஜாடி கொண்டுவருகிறோம். ஒன்று அன்று காலை பிழிந்தது, மற்றது மழைக்காலத்துக் கட்டி. பெயர் எழுதமாட்டோம். முதல் கிளாஸ் நம்மேல் சீறிய அந்த மண்டி நண்பருக்கு.